விண் கூவினது

எண்பத்தைந்தாம் ஆண்டு, தை பிறந்து நாலாம் நாள், ஆமி ட்ரக் ஒன்று என் கடை வாசலில் வந்து நின்றது. ஒரேயொரு கேள்வி, பத்து நிமிடம் என்றார்கள். பத்து நிமிடம் என்று வருகிறவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது கடைக்காரனுக்குத் தெரியும். கதவைப் பூட்டிவிட்டே ஏறினேன்.

முகாம், காங்கேசன்துறைத் துறைமுகத்தை அண்டிய ஒரு பழைய ஓட்டு வீடு. உள்ளே ஈரச் சுண்ணாம்பு மணம். விறாந்தையிலிருந்து கேற் வரை நாற்பது அடி வெறும் மணல் முற்றம். ஒரு மரம் கிடையாது. விறாந்தை வாங்கில் மீன்பிடிகாரன் சிமியோனையும் இருத்தி வைத்திருந்தார்கள்.

விசயம் இதுதான். ஒரு கிழமையாகப் பொழுதுபடும் நேரம் துறைமுகத்துக்கு மேலே செம்புக்குடம் அளவில் ஒரு வெளிச்சம் வந்து அசையாமல் நின்றது. ஊரே பார்த்தது. அகப்பட்டது நாங்கள் இருவர். உயரம் என்ன, வடிவம் என்ன என்று கப்டன் படிவம் நிரப்பினார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஹெலி என்றால் யாருடையது என்பார். வாணம் என்றால் யார் விட்டது என்பார். காணவில்லை என்றால் பொய்யன் என்பார். பட்டம் என்று சொன்னால்தான் வீட்டுக்குப் போகலாம். தை மாதம் பட்டம் விடும் காலம், பட்டக்காரருக்குத் தங்கூசி நூல் விற்பவனே நான்.

"பட்டம்தான் சேர். வால் நுனியிலை பல்ப் கட்டியிருக்கிறாங்கள். விண் கூவினது, என்ரை காதாலை கேட்டனான்."

எங்கள் பக்கத்தில் விண் என்றால் பட்டத்தின் தலையில் இழுத்துக் கட்டும் நார். காற்றுப் பட்டால் கூவும். மொழிபெயர்த்த சார்ஜன்ற் கொழும்பான். அவனுக்கு விண் என்றால் வானம். அப்படியே சிங்களத்தில் சொன்னான்.

கப்டன் பேனையை வைத்துவிட்டார்.

வானம் யாருடைய பேரைக் கூவியது என்று கேட்டார். மிக மெதுவாகக் கேட்டார். அவருடைய காவலாளிகள் இருவரும் இதையேதான் சொன்னார்களாம், வெளிச்சம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று. பிறகு ஒருநாள் இருவரும் பதில் சொல்லிவிட்டார்களாம். சப்பாத்துகள் மட்டும் முற்றத்தில் நின்றனவாம், லேஸ் அவிழாமல்.

பிழையைத் திருத்தியிருக்கலாம். ஆனால் கப்டன் என்னை நம்பிவிட்டார். விடுதலைக் கடிதத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டார். எனக்குச் சாதகமாக விழுந்த பிழையை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. ஒருவருக்கும் சேதம் வராத பேராகத் தேடி, அருளம்பலம் என்றேன். கடையைத் தொடங்கிய என் மாமனார். செத்து இருபது வருடம்.

கடிதத்தில் மார்க்கண்டு என்று என் சொந்தப் பேரை எழுதிக் கையெழுத்து வைத்தார்.

விறாந்தைக்கு வந்து என் கெட்டித்தனத்தைச் சொன்னபோது சிமியோன் சிரிக்கவில்லை.

"கடைப் பேர்ப்பலகையிலை கிடக்கிற பேரையே குடுத்தனீங்கள்? ஊர் உங்களைத்தானே அருளம்பலத்தார் எண்டு கூப்பிடுது."

பிறகு குரலைத் தாழ்த்தினான். "கூப்பிட்டால் வாய் திறவாதையுங்கோ."

உச்சி வெயில், வெளிச்சம் வரும் நேரமல்ல. கேற் திறந்திருந்தது. முற்றத்தில் இறங்கினேன். மூன்றாம் அடியில் காகங்களின் சத்தம் நின்றது. வாடைக்காற்றும் நின்றது.

காற்றில்லாமலே, மேலே, விண் கூவினது.

"அருளம்பலத்தார், நிக்கிறியளே?"

கடை வாசலில் கேட்பது போலவே கேட்டது. இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். வாய் தானாகத் திறந்தது.

"ஓம், வாறன்."

காலுக்குக் கீழே நிலம் இல்லை.

சிமியோன் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து என்னை விறாந்தைக்குள் இழுத்துப் போட்டான். என் செருப்பு இரண்டும் முற்றத்தில் நின்றன, ஒன்றோடொன்று ஒட்டியபடி.

பின்னேரம் சிமியோனையும் விட்டார்கள். முற்றத்தைக் கடந்து நடந்தே போனான். அவன் பேரை ஒருவரும் கூவவில்லை.

எனக்கும் கேற் திறந்தே கிடக்கிறது. கடிதம் சட்டைப்பையில். கப்டனே போ போ என்கிறார். ட்ரக்கை விறாந்தை ஓரம் கொண்டுவரக் கேட்டேன். முற்றத்தில் சில்லு வைக்க எந்தச் சாரதியும் சம்மதிக்கவில்லை. பதினொரு நாளாக இந்த ஓட்டுக்குக் கீழேயே இருக்கிறேன். ஒவ்வொரு மத்தியானமும் அது ஒருமுறை கேட்கும், கோபமில்லாமல், நல்ல வாடிக்கையாளரைப் போல. வாறன் எண்டு சொன்னனீங்கள் என்று நினைவூட்டும். வேட்டித் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொள்வேன்.

இன்று கண்விழித்தபோது என் தலைக்கு நேரே ஓடு ஒன்றைக் காணவில்லை. கீழே ஒரு துண்டுகூட விழுந்திருக்கவில்லை.

அந்த இடைவெளிக்குள்ளால், கடைப் பேரை விட்டுவிட்டு, கடிதத்தில் உள்ள பேரைச் சொல்லிக் கேட்டது.

"மார்க்கண்டர், நிக்கிறியளே?"