நாய்கள் விட்ட இடைவெளி

இரண்டு நாய்களும், நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு நடந்தன.

சாம்பல் மேட்டின் அடியில்தான் தீபன் அதைக் கவனித்தான். பன் இடப்பக்கம். ரஸ்க் வலப்பக்கம். பெயர் வைத்தவள் அவன் மனைவி நீலா. அவள் இருந்தவரை அவளை நடுவில் விட்டு அப்படித்தான் நடக்கும். அவள் போய் ஏழு மாதம். அதன் பிறகு இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டேதான் நடந்தன, நேற்று வரை.

சித்திரை மாத நண்பகல். மேட்டை ஒட்டிய உப்பங்கழியில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த சிலுவையம்மாள் நிமிர்ந்தாள்.

“இன்னா நைனா, மண்ட பொளக்குற வெய்யில்ல எங்க கெளம்பிட்ட?”

“சும்மா, வாக்கிங் க்கா.”

“வாக்கிங்கா! இது இன்னா மெரினாவா? சோறு துண்றியா இல்லியா, மூஞ்சி கருவாடு மாரி கீது.” சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “மேல போனாலும் கரைய வுட்டு எறங்காத. நாயி போவுதேன்னு நீயும் பின்னாலயே போவாத. அதுக்குத் தாங்கும். எத்தினியோ பேர முழுங்கிகீது, உன்னையும் முழுங்கிடும்.”

தலையாட்டினான். அவனுக்கும் தெரியும். மின்நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே கொட்டிக் கொட்டி உண்டான ஏரி அது. கோடையில் மேலே காய்ந்து தரைபோல் இருக்கும். அடியில் குழம்பு.

ஏற ஏறச் செருப்புக்குள் சூடான சாம்பல் புகுந்து கால்விரல்களை உரசியது, தொண்டையில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் ஒரு ருசி ஏறியது, துறைமுகப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த லாரிகளின் சத்தம் தேய்ந்து, கரை உச்சியை அடைந்தபோது நாய்களின் மூச்சிரைப்பு மட்டுமே மிஞ்சியது. கீழே ஏரி வெளுத்துக் கிடந்தது.

ரஸ்க் நடுவில் இருந்த வெற்றிடத்தை நிமிர்ந்து பார்த்தது. அதன் காது பின்னால் மடிந்தது, யாரோ தடவுவதுபோல். காற்றே இல்லை.

“நீலா.”

ஏழு மாதத்தில் முதன்முறையாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னான்.

நாய்கள் நின்றன. பிறகு கரையிலிருந்து ஏரிக்குள் இறங்கின. அதே இடைவெளி. இருபுறமும் பாதத் தடங்கள். நடுவில் சாம்பல் கலையவே இல்லை.

கடைசி நாளில் ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றான். உள்ளே விடவில்லை. ஒருமுறை அவள் கையைப் பிடித்தால் போதும். அதற்காக எதையும் கொடுப்பான்.

இறங்கினான்.

தாங்கியது. பத்து அடி. இருபது. நாய்கள் திடீரென்று ஆளுக்கொரு பக்கம் துள்ளி விலகி, கரையை நோக்கி ஓடின.

சாம்பல் உடைந்தது.

முழங்கால். தொடை. மேலே கொதித்தது. உள்ளே ஐஸ்.

“யக்கா!”

கரையில் நாய்கள் மட்டும் குரைத்தன. இடுப்பு.

அப்போது சாம்பலுக்குள் அவன் வலது கைக்குள் ஒரு கை நுழைந்தது. விரல்கள் விரல்களோடு கோத்துக்கொண்டன. கத்துவதை நிறுத்தினான். இடது கையையும் ஒரு கை பிடித்தது. அழுதான். இரண்டு கை வரைக்கும் அவன் பயப்படவில்லை.

பிறகு கணுக்காலை ஒன்று பற்றியது.

முழங்காலை ஒன்று.

இடுப்பை, அவசரமே இல்லாமல், இன்னொன்று.

நாய்கள் குரைப்பதை நிறுத்தின. அவனைப் பார்க்கவில்லை. ஏரி முழுவதையும் பார்த்து வாலை ஆட்டின.