வலது கண்ணில் தெரிந்தவள்

நேமத்தான்பட்டிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர்கள் தங்க எடுத்திருந்தது, விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு பழைய வீடு. காரைக்குடியின் தெருவிளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரமே தெரிவதில்லை என்று காளீஸ்வரி புலம்பிக்கொண்டே இருந்தாள். அதனால் உதயகுமார் ஒரு பைனாகுலர் வாங்கி, மார்கழி அமாவாசையாகப் பார்த்து மனைவியை இங்கே அழைத்து வந்திருந்தான்.

போன வருஷம் கண் அழுத்தம் கூடி அவளுடைய வலது கண் பார்வை போய்விட்டது. அதில் இனி வெளிச்சம்கூடத் தெரியாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். மிச்சமிருக்கும் கண்ணாலாவது வானத்தை ஆசைதீரப் பார்க்கட்டும் என்றிருந்தது அவனுக்கு.

"மாடிக்குத் தாராளமாப் போங்க" என்றாள் சாவி கொடுத்த பொன்னுத்தாயி. "பக்கத்து வீட்டுப் பக்கம் மட்டும் போயிறாதீக. படியெல்லாம் இடிஞ்சு கெடக்கு."

மொட்டை மாடியில் வௌவால் எச்சத்தின் வாடை லேசாக அடித்தது. சுற்றிலும் ஆளில்லாத வீடுகளின் கரிய மாடிகள். மேலே, உதறிவிட்டது போல் நட்சத்திரங்கள்.

"ஏங்க, கார்த்திகையப் பாருங்களேன்! ஆறுதான்னு நெனச்சேன். கொள்ளையாக் கெடக்கு!"

அவள் இப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் கழுத்து வலிக்கிறது என்று பைனாகுலரைத் தாழ்த்தினாள். கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அசந்துபோன இடது கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

அப்படியே அசையாமல் நின்றாள்.

"தெரியுதுங்க."

"என்ன தெரியுது?"

"வலது கண்ணுல. நல்லாத் தெரியுது." குரல் உடைந்தது. "பக்கத்து வீட்டு மாடியில ஒரு பொம்பள நிக்கிறாக. அவுகளும் அண்ணாந்து வானத்தத்தான் பாக்குறாக."

அவன் பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். உடைந்த கைப்பிடிச் சுவர். காய்ந்த புல். யாருமில்லை. அந்த வீட்டுப் படி இடிந்து கிடப்பது நினைவுக்கு வந்தது.

"அங்க யாரும் இல்ல, காளி."

அவள் வெடுக்கென்று திரும்பப் பிடுங்கினாள்.

"அந்தக் கண்ணுல நட்சத்திரம் தெரியுதா?" என்று மெல்லக் கேட்டான்.

"இல்ல. அவுக மட்டுந்தான்."

"வா, கீழ போவோம்."

"இருங்க. ஒரு வருஷமாச் செத்துக் கெடந்த கண்ணுங்க. இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன்."

பூச்சிகளின் இரைச்சல் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"திரும்பிட்டாக" என்றாள்.

அவன் அவள் தோளைப் பற்றினான்.

"நம்மளப் பாக்குறாக."

"காளி, போதும்."

"சுவரோரம் வந்துட்டாக... ஐயோ, காணோம்."

அவன் மூச்சு விட்டான். அவளோ விடுவதாயில்லை. பைனாகுலரை இங்குட்டும் அங்குட்டும் திருப்பித் தேடினாள். சட்டென்று நின்றாள்.

"ஏங்க, ஏன் இம்புட்டு இருட்டா இருக்கு? தலைமுடி மாதிரி..."

அவன் பைனாகுலரைப் பறித்தான். முன்பக்கக் கண்ணாடி இரண்டிலும் ஆவி படிந்திருந்தது.

வெளிப்பக்கமிருந்து யாரோ வாய்வைத்து ஊதியது போல.

அதை அங்கேயே போட்டுவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கினான். பொன்னுத்தாயியிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் மருத்துவர் அந்தக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். மாற்றமேதும் இல்லை. "நரம்பு செத்துப்போனதுதான். ஆசையில அப்படித் தோணியிருக்கும்" என்றார். காளீஸ்வரியும் தலையாட்டினாள். உதயகுமாருக்கு அப்போதுதான் பாரம் இறங்கியது.

ராத்திரி வீட்டில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து தோசை பரிமாறினாள். முகம் தெளிந்திருந்தது.

"இன்னொண்ணு வைக்கவா?"

நிமிர்ந்தான். இடது கண் அவனையே பார்த்துச் சிரித்தது.

வலது கண் அவனைப் பார்க்கவில்லை. அது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த வாசற்கதவைப் பார்த்தது. பிறகு, யாரோ நடந்து வருவதைத் தொடர்வது போல, மெல்ல மெல்ல நகர்ந்தது.

அவன் தோளுக்கு மேலே வந்து நின்றது.