ஆள் தொடாமல் காலியான ஃபோல்டர்

காலை பதினொரு மணி. லிஃப்ட் ஆய்வாளர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ‘ஆஸ்பத்திரி லிஃப்ட்’ என்ற ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மூடினார், திறந்தார். அப்போதும் இல்லை. தோளிலிருந்து துண்டு நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

“இங்க கொஞ்சம் வா,” என்று மனைவியைக் கூப்பிட்டார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவைதான் அவள் காதில் விழுந்தது.

அன்று மூன்று மணிக்கு விசாரணை. அந்த ஃபோல்டரை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை. ஆஸ்பத்திரி லிஃப்டின் எஃகு ரோப் தேய்ந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள் என்று அவர் மூன்று முறை மெயில் அனுப்பியிருந்தார். பார்க்கிறோம் என்று நிர்வாகம் பதில் போட்டது. பார்க்கவில்லை. ரோப் அறுந்து லிஃப்ட் விழுந்ததில், உள்ளே இருந்த நர்ஸ் பெண்ணின் கால் போயிற்று. இப்போது நிர்வாகம், ஆய்வாளர் எச்சரிக்கவே இல்லை என்று சாதிக்கிறது. லைசென்ஸ் போவது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் அப்பா போன வாரம் இவரை வழிமறித்து, “உங்களுக்குத் தெரியாமலா சார் அந்த லிஃப்ட் ஓடுச்சு?” என்று கேட்டிருந்தார். விசாரணை அன்றைக்கு மெயிலையே கண்ணில் காட்டுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். உடனே போய்த் தன் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை போலீஸ் குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டர். கையில் சூட்டுக்காயத்தோடு மருத்துவ விடுப்பில் இருந்தாள். திருடன் சுட்டதல்ல, குக்கர் சுட்டது.

அரை மணியில் கட்டுப்போட்ட கையோடு வந்து சேர்ந்தாள்.

“மாமா, அழுவுறதுன்னா அப்புறம் அழுவுங்க. இப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க.”

ஆய்வாளர் சொன்னார். அவர் பல வருஷமாக வைத்திருந்த இலவச மெயில் சேவையை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். பழையது வேண்டுமானால் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் புரோகிராம் போட்டு அதற்குள் மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். போன வாரம் கம்ப்யூட்டர்காரர் வந்து போட்டுக்கொடுத்தார். பழைய ஃபோல்டரெல்லாம் இடது பக்கத்தில் வரிசையாக வந்து நின்றன.

“அச்சடிச்சு வைக்கலையா?”

“வக்கீல் வேணாம்னுட்டாரு. அச்சுல தேதியை யார் வேணா மாத்தலாமாம். மெயிலாவே இருக்கணும்னாரு.”

“பழைய பெட்டியில?”

“அதை மிச்சம் வைக்கல. நேத்து மத்தியானமே போன்லேர்ந்து துடைச்சுட்டேன். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அங்க அழிச்சதுக்கு அப்புறமும் இங்க எல்லாம் பத்திரமா இருந்துச்சு. நானே சரிபார்த்தேன்.”

“நேத்து வீட்டுக்கு யார் வந்தாங்க?”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அரைச்சிரிப்பு,” என்றாள் அக்கா.

அரைச்சிரிப்பு ஒரு காலத்தில் ஆய்வாளரின் கூட்டாளி. வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்கும். இப்போது அதே ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறார். நேற்றுச் சாயங்காலம் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஆய்வாளர் கைகழுவப் போன நேரம் அறையில் அவர் தனியாக இருந்தார்.

“அவன்தான்டி. அவன் மூஞ்சியே சரியில்ல.”

“மூஞ்சிக்காகப் பிடிச்சு உள்ள போட முடியாதுக்கா. இன்னைக்குக் காலையில மெயில் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு. தூசி தட்டும்போது பார்த்தேன். இவரே ஒண்ணைத் திறந்து தேதியைச் சத்தமா படிச்சாரு.”

“அப்ப அரைச்சிரிப்பு போனதுக்கு அப்புறமும் இருந்திருக்கு. சரி, காலையில அதுக்கு அப்புறம் யாரு வந்தா?”

“இன்டர்நெட்காரர். ரெண்டு நாளா லைன் கிடையாது. வாசல்லயே நின்னு ஒயரை மாத்துனாரு. டப்பாவுல பச்சை லைட்டு எரிஞ்சதும் போயிட்டாரு. நான் இந்த ரூம் கதவுகிட்ட உட்கார்ந்துதான் வெங்காயம் உரிச்சேன். ஒரு ஈ காக்கா உள்ள போகல.”

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றி வந்தாள். ஒரே ஜன்னல், கம்பி போட்டது. வேறு வழியில்லை. மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு சாண் நீள எஃகு ரோப் துண்டு கிடந்தது.

“இது எதுக்கு மாமா?”

“பழைய ரோப். புதுசு மாட்டின அன்னைக்கே பழசை வெட்டிடணும். முழுசா விட்டா எவனாவது தூக்கிட்டுப் போய் இன்னொரு லிஃப்ட்ல மாட்டிடுவான். நான் வெட்டாம விட்டதே கிடையாது.”

அவள் தலையாட்டிவிட்டு மவுசை எடுத்தாள். ஆஸ்பத்திரி ஃபோல்டர் மட்டுமல்ல, மற்றவையும் காலி. அடியில், ‘இந்தக் கம்ப்யூட்டர்’ என்ற தலைப்பின் கீழ் ‘காப்பீடு’ என்று ஒன்று தனியாக இருந்தது. அதில் மட்டும் மெயில்கள் நிறைந்து கிடந்தன.

“இது மட்டும் எப்படிக் கீழ வந்துச்சு?”

“கம்ப்யூட்டர்காரர் இழுத்துப் போட்டுக் காட்டினாரு. மத்ததுதான் மேலயே தெரியுதே, அப்புறம் எதுக்கு இழுக்கணும்னு விட்டுட்டேன்.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. வராந்தாவுக்குப் போய் முதலில் அரைச்சிரிப்புக்குப் போன் செய்தாள்.

“நேத்து அந்த ஃபோல்டரைத் திறந்தீங்களா?”

“திறந்தேன் மேடம். எதையும் தொடல. இருக்கான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க. மூணு மெயிலும் இருந்துச்சு. போய்ச் சொன்னேன்.”

“இதையே மூணு மணிக்கு வந்து சொல்வீங்களா?”

“வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்தன்தான் மேடம்.” போன் வைக்கப்பட்டது. திரும்ப அடித்தபோது எடுக்கவில்லை.

அடுத்தது கம்ப்யூட்டர்காரர். அவரிடம் வெகுநேரம் பேசினாள். அவர் தன் இடத்திலிருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து எங்கெங்கோ தேடினார். அக்கா சாமியறைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஆய்வாளர் நகத்தைக் கடித்தார். கடைசியில் திரையில் ஓடிக்கொண்டிருந்த அம்பு நின்றது.

மணி ஒன்று.

“யாருன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றாள் இன்ஸ்பெக்டர். வழக்கமாக இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கெத்து வரும். இன்று வரவில்லை.

“யாருடி?”

“மாமாதான்.”

அக்கா சண்டைக்குத் தயாரானாள். ஆய்வாளர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“இடது பக்கம் வரிசையா தெரிஞ்சுதே, அது இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல மாமா. பழைய பெட்டி அங்கதான் இருந்துச்சு, இது அதைக் கண்ணாடி மாதிரி காட்டிட்டு இருந்துச்சு. அங்க இருந்தா இங்க இருக்கும், அங்க போனா இங்கயும் போயிடும். கீழ இழுத்துப் போட்டாத்தான் உங்களோடது. காப்பீடு ஒண்ணுதான் கீழ வந்துச்சு, அதனால அது பொழைச்சுது.”

“நான் அழிச்சதுக்கு அப்புறமும் இருந்துச்சே. இன்னைக்குக் காலையிலகூட இருந்துச்சே.”

“நீங்க அழிச்சது போன்ல, போனுக்குத் தனி லைன். இந்தக் கம்ப்யூட்டருக்கு ரெண்டு நாளா லைன் இல்ல. அங்க நடந்தது இதுக்குத் தெரியாது. கடைசியா பார்த்ததையே காட்டிட்டு இருந்துச்சு. காலையில பச்சை லைட்டு எரிஞ்சுது. இது போய்ப் பார்த்துச்சு, அங்க ஒண்ணும் இல்ல, இங்கயும் எடுத்துடுச்சு. அதுக்கு எந்த ஆளும் உள்ள வர வேண்டியதில்ல.”

ஆய்வாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற யாரா இருந்தாலும் மாசக் கடைசி வரைக்கும் பழசை அது பாட்டுக்கு விட்டிருப்பாங்க,” என்றாள் அவள் மெதுவாக. “எப்படியும் மூடப்போற இடம்தானே. நீங்கதான் புதுசு மாட்டினதும் பழசை வெட்டிட்டீங்க.”

“குப்பைத்தொட்டியில?” என்று அக்கா கேட்டாள்.

“அதையும் மாமாவே காலி பண்ணிட்டாரு. இங்க மிச்சம் மீதி ஏதாவது ஒட்டியிருக்குமான்னு கம்ப்யூட்டர்காரர் தோண்டிப் பார்த்துட்டாரு. இடம் மிச்சம் பிடிக்க புரோகிராமே சுத்தம் பண்ணிடுச்சாம். மெயில்காரங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன். மூடப்போற கம்பெனியில எவன் பதில் போடுவான்னு தெரியல.”

“ஆஸ்பத்திரியில அவங்களுக்கு வந்த மெயில் இருக்குமே,” என்றாள் அக்கா.

“கோர்ட்டு உத்தரவு வாங்கிட்டுப் போற வரைக்கும் அதை விட்டுவைப்பாங்களாக்கா? இங்க காலியாயிடுச்சுன்னு மூணு மணிக்கு அவங்களுக்கே தெரிஞ்சுடும்.”

அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஆய்வாளர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

“அரைச்சிரிப்பே பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“ஆமா மாமா. நான் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்.”

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் விசாரணைக் கூடத்தின் நடையில் அந்தப் பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மகள். ஆய்வாளரைக் கண்டதும் அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். படிக்கத் தயாராக வந்திருந்தார்.

“கொண்டு வந்தீங்களா சார்?”

“இருந்துச்சுங்க,” என்றார் ஆய்வாளர். “நேத்து வரைக்கும் இருந்துச்சு. என் கையாலேயே தெரியாம அழிச்சுட்டேன்.”

அந்த மனிதர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

“லிஃப்டைச் சரிபார்த்த பேப்பர் எங்கன்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். அவங்களும் இதான் சார் சொன்னாங்க. இருந்துச்சாம், இப்ப இல்லையாம்.”

இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வந்தாள். நான் போலீஸ், நானே விசாரித்தேன், இவர் சொல்வது சத்தியம் என்று சொல்ல வாயெடுத்தாள். சக்கர நாற்காலியிலிருந்த பெண் அவளையும் ஆய்வாளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“இவர் எங்க அக்கா வீட்டுக்காரர்,” என்றாள் இன்ஸ்பெக்டர். சொந்தக்காரியின் சாட்சியை யார் நம்புவார்கள் என்று முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.