யாரும் எடுக்காத போன்

கமுதியில் பூமிநாதனுக்கு மிளகாய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி இருந்தது. 2008இல் அவர் ஒரு இணையதளம் தொடங்கினார். சரக்குப் பட்டியல் கிட்டங்கிக் கணினியில் இருக்கும். இணையதளம் அதைத் தொலைபேசிக் கம்பி வழியாக எட்டிப் படித்து, எத்தனை மூட்டை இருக்கிறது என்று வெளியூருக்குக் காட்டும். அதிலேயே யாராவது மூட்டை கேட்டுப் பதிந்தால் இருப்பு அந்த அளவுக்குக் குறையும்.

காட்டும்போது நன்றாகக் காட்டும். திடீரென்று 'தரவுத்தளத்துடன் இணைப்பு இல்லை' என்று கைவிரித்துவிடும். ஐந்து நிமிடத்தில் தானே சரியாகும்.

தூத்துக்குடி வியாபாரி இரண்டு முறை திறந்து ஏமாந்தார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடைசியாகப் பார்ப்பேன், இல்லாவிட்டால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். மிளகாய் விளைவித்த சம்சாரிகள் கொண்டுவந்து போட்ட நாற்பது மூட்டை அவரை நம்பிக் கிடந்தது.

கணினி பழுதுபார்க்கும் சுஐபு இராமநாதபுரத்திலிருந்து வந்தார். மோடத்தை மாற்றினார். ஒயரை மாற்றினார். கோளாறு மட்டும் மாறவில்லை.

"போன் வரும்போது அறுந்துபோகுதாண்ணே?"

"அந்த நேரத்துல போனே வரலையே தம்பி, பேசுறவுகல்லாம் என் செல்லுக்குத்தான் கூப்பிடுறாக" என்று அடித்துச் சொன்னார் பூமிநாதன்.

அவர் மகள் சண்முகவள்ளி ஆறாம் வகுப்பு. அவள் விடுவதாக இல்லை. மூன்று நாள் பள்ளி விட்டதும் கணினி முன்னால் உட்கார்ந்து, இணைப்பு அறும் நேரத்தையெல்லாம் நோட்டில் எழுதினாள். ஒன்பது முறை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே தெரியவில்லை.

சனிக்கிழமை சுஐபு மறுபடி வந்து மோடத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். பதினொன்று பத்துக்கு இணைப்பு அறுந்தது. அதே நொடியில் முன்னறையிலும் உள்ளறையிலும் ஒரே ஒரு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"சின்னக்கருப்பன் கடலாடிய விட்டுக் கெளம்பிட்டான்" என்றார் பூமிநாதன், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அய்யா, இப்ப போன் வந்துச்சுல்ல?" என்றாள் பக்கத்தில் நின்ற வள்ளி.

"அது எங்கன போனு? மிஸ்டு கால் தாயி."

ஒரு மணி அடித்தால் சின்னக்கருப்பன் ஓட்டும் லாரி கிளம்பிவிட்டது. இரண்டு அடித்தால் வந்துவிட்டது. எடுக்காத போனை அங்கே யாரும் போன் என்று எண்ணுவதில்லை.

வள்ளி சுஐபுவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இந்தப் போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க."

அவர் கொடுத்தார். இணைப்பு அறுந்தது. சரியானதும் மறுபடி கொடுத்தார். மறுபடி அறுந்தது.

வள்ளி ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். முன்னறைப் போன், சுஐபு மாட்டிய சின்னப் பெட்டி வழியாகப் போனது. பேச்சையும் இணையத்தையும் பிரித்துவிடும் பெட்டி அது. உள்ளறைப் போனுக்கு மட்டும் பெட்டிக்கு முன்னாலேயே தனியாக ஒரு ஒயர் முறுக்கியிருந்தது. அதனால்தான் அங்கே மணி அடிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது.

"இது யாரு வேலை?" என்றார் சுஐபு.

பூமிநாதன் தொண்டையைச் செருமினார். "உள்ள மணி கேக்கலைன்னு நான்தான் போட்டேன். மிஸ்டு காலுக்குத்தானேப்பா."

சுஐபு அந்த ஒயரைப் பெட்டிக்குப் பின்னால் மாற்றி முடித்தபோது பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

பன்னிரண்டு அடித்தது. போனும் அடித்தது. ஒன்று. இரண்டு. லாரி வாசலில் வந்து நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. மூவரும் திரையையே பார்த்தார்கள்.

'இருப்பு: 40' அசையாமல் நின்றது. நான்கு நிமிடம் கழித்து அது 'இருப்பு: 0' என்று மாறியது. நாற்பதையும் வியாபாரி கேட்டுவிட்டார்.

பூமிநாதன் மகளின் தோளைத் தட்டிக்கொடுத்தார். சைபருக்காக வள்ளி அய்யாவிடம் பாராட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.