மாற்றி எழுதிய விடை

விடியற்காலையில் தண்ணீர் அள்ளப்போனவர்தான் முதலில் கண்டார். பண்டத்தரிப்புச் சிமியோனின் மகள் நிரோஜினியைக் கிணற்றிலிருந்து தூக்கியபோது உயிர் இல்லை.

முதல் நாள் மாலை, இணுவில் ரியூட்டரியில் வாகீசன் மாஸ்டர் அவளை எல்லோர் முன்னாலும் கள்ளி என்றிருந்தார். வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கான பல்தேர்வுச் சோதனை, ஒருவருக்குத்தான் கிடைக்கும்; முதலாவதாக வந்தவள் அவள். விடைத்தாள்கள் பூட்டியிருந்த கந்தோர் அறையின் திறப்பு, அதைத் தினமும் திறந்து வைக்கும் அவளிடமும் மாஸ்டரிடமும் மட்டுமே இருந்தது.

பத்து மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் அருந்ததி வந்தாள். வகுப்பில் நிரோஜினி உட்காரும் வாங்கு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதில் இருக்க ஒருவரும் துணியவில்லை.

"கள்ளம் எண்டு எப்பிடித் தெரிஞ்சது, மாஸ்டர்?"

"ஒன்பது விடையை அழிச்சு மாத்தியிருக்கிறாள், மிஸ். முதல் மனசிலை வாறதுதான் சரி, மாத்தினால் பிழைச்சுப்போகும். இவளுக்கு மட்டும் எப்பிடிச் சரிவந்தது?"

"அவள் என்ன சொன்னவள்?"

வாகீசன் வெறும் வாங்கைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் மாத்தினவளாம்."

அருந்ததி தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். அழித்த பென்சில் தடங்கள் தெரிந்தன. ஏழு பிழைகள் சரியாகியிருந்தன. சரியாக இருந்த இரண்டு பிழையாகியிருந்தன.

"இரண்டாவதா வந்தது ஆர்?"

"சுபாங்கன். என்ரை தங்கச்சியின்ரை மகன்."

அவன் தாளிலும் எட்டுத் தடங்கள். எட்டும் பிழையிலிருந்து சரி.

அருந்ததி அவனை வெளியே கூப்பிட்டாள். "தம்பி, எத்தினை விடை மாத்தினீர்?"

"ஒண்டும் இல்லை, மிஸ். மாத்தக்கூடாதெண்டு மாமா சொன்னவர்."

அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"மாஸ்டர், யோசிச்சு மாத்திறவைக்குக் கூடுதலா நன்மைதான். மாத்திப் பிழைச்சது மட்டும் மனசை உறுத்திறதாலை மற்றதை மறந்துபோறம். விடை தெரிஞ்ச கள்ளி, சரியான இரண்டை ஏன் பிழையாக்கிறாள்? உது தானா யோசிச்ச பிள்ளையின்ரை தாள். ஒண்டுமே மாத்தேல்லை எண்ட பொடியன்ரை தாளிலை எட்டு அழிப்பு. அதைச் செய்தது திறப்பு வைச்சிருந்த நீங்கள். அப்பவும் அவள் ஒரு புள்ளி முன்னுக்கு நிண்டாள். அதுதான் கள்ளியாக்கினீங்கள்."

வாகீசன் கந்தோர்த் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். "ராத்திரி முழுக்க அவளின்ரை குரல்தான் கேக்குது, மிஸ்," என்றார்.

பின்னேரம் அருந்ததி சிமியோன் வீட்டுக்குப் போனாள்.

"மகளிலை ஒரு பிழையும் இல்லை, அண்ணை. யோசிச்சுத்தான் விடையை மாத்தினவ. அவதான் முதலாவது."

சிமியோன் ஒன்றைத்தான் கேட்டார்.

"மாத்தாமல் விட்டிருந்தால்?"

"மாஸ்டர் திருத்தின தாளுக்குப் பின்னாலை இரண்டாவதா வந்திருப்பா."

"அப்ப பிள்ளை இருந்திருக்கும்," என்றார் சிமியோன்.