கையெழுத்துப் போட்ட கை

“அந்தப் பையை நீ தொடாதே. சின்னவ எடுத்துக்குவா.”

மாமியார் சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. விளக்கை அணை என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். மூத்த மருமகளுக்கு அதுதான் அதிகம் வலித்தது. மாற்றுத் துணி, போர்வை, துண்டு, ஸ்கேன் ரிப்போர்ட் என்று முந்தின நாளே அந்தப் பையை நிரப்பி வைத்தவள் அவள்தான். நிரப்பலாம், ஆனால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அந்த வீட்டின் சட்டம் அப்படி.

அன்று சின்ன மகனுக்கு ஆபரேஷன். பித்தப்பையில் கல். பெரிய விஷயமில்லை, மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வீட்டுக்குப் பயம். மூத்த மகன், அதாவது இவளுடைய கணவன், குடல்வால் ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து போனவன், உயிரோடு திரும்பவில்லை. ‘இன்னொரு டாக்டரையும் கேட்டுட்டுச் செய்யலாம்’ என்று மாமியார் சொல்லச் சொல்ல, கணவன் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சம்மதக் கையெழுத்துப் போட்டவள் இவள்.

அன்றோடு அது கையெழுத்துப் போட்ட கை ஆகிவிட்டது. அந்தக் கை சமைக்கலாம், துவைக்கலாம், மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கலாம். சின்னவன் வெளியே கிளம்பும்போது மட்டும் எதையும் நீட்டக் கூடாது. வசதியான ராசிதான். வேலைக்கு நல்ல கை, நல்ல காரியத்துக்குக் கெட்ட கை!

“அண்ணியும் வரட்டுமேம்மா,” என்றான் சின்னவன்.

“வெறும் வயித்துல இருக்க. பேசாம இரு.”

“தண்ணி குடிக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாங்க. பேசக் கூடாதுன்னு சொல்லலையே.”

“ஒருத்தனைப் பறிகொடுத்தவ நான். இன்னொருத்தனையும் வச்சு விளையாட முடியாது. அவ வீட்டுலயே இருக்கட்டும்...”

சின்னவனின் மனைவி தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்தாள். அக்காவைப் பார்க்க அவளுக்கு முகமில்லை. மூத்தவள் கதவுக்குப் பின்னால் நின்று, “போயிட்டு வாங்க தம்பி” என்று சொன்னது வாசல்வரை கேட்டதோ இல்லையோ, தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு அவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். சாமியிடம் என்ன கேட்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தன் வேண்டுதலுக்கும் அந்த ராசி ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தாள். பிறர் ஒரு பழியைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அது நமக்கே உண்மையாகிவிடுகிறது.

போன் அடித்தது. சின்னவள் ரகசியக் குரலில் பேசினாள்.

“அக்கா, மயக்க மருந்து குடுக்கற டாக்டரம்மா வந்து என்னென்னமோ கேட்டாங்க. பல்லு ஆடுதா, ஆஸ்துமா இருக்கா... அப்புறம், உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து குடுத்து ஏதாவது ஆச்சான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அவர் அப்பத்தான் துணி மாத்தப் போயிருந்தார். அத்தை முந்திக்கிட்டு ‘அப்படி ஒண்ணும் இல்ல’ன்னுட்டாங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் சொல்ல வாயெடுத்தேன். நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல அந்தப் பேச்சு எதுக்குன்னு முறைச்சாங்க. எனக்கு மனசே சரியில்லக்கா.”

மாமியார் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை. மகனைக் கொன்றது மருமகளின் கை என்று அவள் முழு மனதாக நம்பியிருந்தாள். அப்படியிருக்க மயக்க மருந்தின் மேல் அவளுக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

போனைப் பிடித்தபடி மூத்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. கணவனின் உடலைப் பார்க்க உள்ளே விட்டபோது அவன் நெற்றியில் கை வைத்தது ஞாபகம் வந்தது. சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய கல்லைப் போலச் சுட்டது. உயிர் போனவனுக்கு எப்படி இத்தனை சூடு என்று கேட்க வாயெடுத்தாள். ‘துக்கத்துல புத்தி பேதலிச்சிருக்கு’ என்று யாரோ தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டார்கள். அதன்பின் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

போனில் சொன்னால் மாமியார் சின்னவளைப் பேச விடமாட்டாள். மூத்தவள் அடுப்பை அணைத்தாள். கிடைத்த வண்டியில் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சின்னவனைப் பச்சை அங்கியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். நடைவழியின் கடைசியில் ஆபரேஷன் தியேட்டரின் கதவு திறந்திருந்தது.

“உன்னை யாரு வரச் சொன்னது?” மாமியார் குறுக்கே வந்து நின்றாள். “போயிடு. உன் கால்ல விழறேன், போயிடு!”

அவள் மாமியாரைச் சுற்றிக்கொண்டு போய்ப் படுக்கையின் கம்பியைப் பிடித்தாள். தள்ளிவந்தவர் நின்றுவிட்டார்.

“இந்தக் கை ஒரு தடவை அவசரப்பட்டுடுச்சு அத்தை. இப்ப நிறுத்தச் சொல்லுது. என்னை அடிக்கணும்னா அப்புறமா அடிங்க. மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுங்க.”

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தாள். நரைத்த முடியைத் தொப்பிக்குள் அடக்கிக்கொண்டே, “என்னம்மா விஷயம்?” என்றாள்.

“இவரோட அண்ணன்... என் வீட்டுக்காரர்... குடல்வால் ஆபரேஷன்லதான் போனார். ஹார்ட் நின்னுடுச்சுன்னாங்க. ஆனா நான் தொட்டுப் பார்த்தப்ப உடம்பு கொதிச்சுது டாக்டர். தாடை இறுகிக் கிடந்துச்சு. வாயில ஒரு சொட்டுத் தண்ணி விடக்கூட முடியல...”

டாக்டரம்மாவின் கை தொப்பியிலேயே நின்றது. “காய்ச்சலோட போனாரா?”

“இல்ல. சில்லுனு இருந்தார். நான்தான் துணி மாத்திவிட்டு அனுப்பினேன்.”

“இவரைத் திருப்பி வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள் டாக்டரம்மா, தள்ளிவந்தவரிடம். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். “அம்மா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பக்கத்துலயோ உங்க வீட்டுக்காரர் பக்கத்துலயோ வேற யாராவது இப்படி, ஆபரேஷன் டேபிள்ல...?”

 மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தாள். 

“என் தம்பி,” என்றாள். “சின்னப் பையன். கை முறிஞ்சு, மயக்கம் குடுத்துச் சேர்த்து வைக்கக் கூட்டிட்டுப் போனாங்க. விறைச்சுப் போய்த் திரும்பி வந்தான். உடம்பு தணலா இருந்துச்சு. விஷக் காய்ச்சல்னு எங்கம்மா சொன்னா. வெளியே சொன்னா என்னை யாரும் கட்டிக்க மாட்டாங்கன்னு வாயைக் கட்டிட்டா. என் புருஷன்கிட்டகூட நான் சொன்னதில்ல...”

டாக்டரம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சிலருடைய உடம்புக்கு ஒருசில மயக்க மருந்துகள் ஆகாது, தசை இறுகி உடம்பு கொதித்து உயிரையே கொண்டுபோய்விடும், அது ரத்தத்தில் வருவது, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரலாம் என்று நிதானமாகச் சொன்னாள்.

“இவருக்கும் இருக்கான்னு இனிமேதான் பார்க்கணும். இருக்குன்னே வச்சுக்கிட்டு, ஆகாத மருந்தைத் தவிர்த்துட்டு, மயக்க மருந்து மெஷினைச் சுத்தம் பண்ணி, மாத்து மருந்தையும் கையில வச்சுக்கிட்டு இன்னொரு நாள் செய்யலாம். வலி இப்ப அடங்கித்தானே இருக்கு, அவசரமில்ல. நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா.” பிறகு மூத்தவளைப் பார்த்தாள். “உங்க வீட்டுக்காரருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கணும். அன்னைக்கு யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.”

டாக்டரம்மா எழுந்து போனாள். சின்னவள் கணவனோடு வார்டுக்குப் போயிருந்தாள். நடைவழியில் மாமியாரும் மூத்தவளும் மட்டும் இருந்தார்கள்.

“ஏன்டி,” என்றாள் மாமியார், தலை நிமிராமல். “உடம்பு சுட்டுச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“யாரு கேட்டாங்க அத்தை?”

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நீங்க திட்டும்போது நான் ஒரு நாளாவது எதிர்த்துப் பேசியிருக்கேனா?” என்றாள் மூத்தவள். “பொறுமைசாலின்னு ஊர்ல சொல்லுவாங்க. பொறுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னதைத்தான் நானும் நம்பினேன். என் கைதான் அவரைக் கொன்னுடுச்சுன்னு நானும்தான் நம்பினேன் அத்தை...”

“உன் கை இல்லடி. என் வாய்தான். தம்பியைப் பத்தி அன்னைக்கு நான் சொல்லியிருந்தா என் புள்ள...”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இத்தனை வருஷத்துக் கணக்கும் தீர்ந்துவிடும். அந்தச் சொல் மூத்தவளின் நாக்கு நுனிவரை வந்தது.  ஆனால் செய்யாத கொலையைச் சுமந்துகொண்டு தூங்குவது எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்தச் சுமையை அவள் இன்னொருத்தியின் தலையில் இறக்கவில்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை, டாக்டருக்கே தெரியல. வாங்க, தம்பி பசியோட இருப்பாரு. முதல்ல ஏதாவது சாப்பிடக் குடுப்போம்.”

ஆபரேஷனை வேறொரு நாள் வைத்தார்கள். அந்தக் காலையில் பை கூடத்தில் இருந்தது. சின்னவள் எடுக்கப் போனாள். “நீ இரு,” என்றாள் மாமியார். “பெரியவ எடுத்துக் குடுக்கட்டும்.” சின்னவன் அண்ணியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, “வெறும் வயித்துல அழ வைக்காதீங்க எல்லாரும்” என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது என்று அவள் ஆரம்பித்ததுமே மாமியார் எழுந்து நின்றாள்.

“என் தம்பி. என் பெரிய மகன். ரெண்டு பேரு,” என்றாள், நடைவழி முழுக்கக் கேட்கும்படி. பிறகு, கேள்வியிலேயே இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். “இதைக் கண்டுபிடிச்சது என் மூத்த மருமக.”

ஆபரேஷன் முடிந்து, உள்ளே வரலாம் என்று நர்ஸ் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தராகத்தான் விடுவார்கள். சின்னவள் போய்ப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுத்தது மாமியாரின் முறை. அவள் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து, மூத்தவளின் வலது கையைப் பிடித்தாள். “ஒருத்தர்தாம்மா” என்று நர்ஸ் சொன்னாள்.

“நாங்க ஒருத்தர்தான்,” என்று சொல்லிவிட்டு மாமியார் மருமகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னவன் அரைக்கண் திறந்து கிடந்தான். மாமியார் அவன் பக்கம் குனியவில்லை, அவனைத் தொடவும் இல்லை. பிடித்திருந்த கையை மெதுவாகத் தூக்கி மகனின் நெற்றியில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து மூடினாள்.

“நீ முதல்ல பாரும்மா,” என்றாள். “நீ சொன்னாத்தான் நான் நம்புவேன்.”

மூத்தவளின் கை பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தது. மாமியார் விடவில்லை.

“சில்லுனு இருக்கு அத்தை,” என்றாள் அவள். “சில்லுனு இருக்கு...”