மேலே சொல்லக் கூடாத சொல்

"மேல நிக்கும்போது அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க."

"எந்த வார்த்தை?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க. இன்னொரு தோசை வேணுமா, வேணாமா?"

காலையில் துர்கா சொன்னது அது. இப்போது ரேடியோ டவரின் உச்சியில், பொழுது சாயும் நேரத்தில், அறிவழகனுக்கு மனைவியின் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. காரணம் பைப். பகலெல்லாம் விருத்தாசலத்து வெயிலில் கிடந்த ஜி.ஐ. இரும்புப் பைப், கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது.

கீழே கயிறு துர்காவின் அண்ணன் கோதண்டபாணி கையில். ஆன்டெனா தாங்கப்போகும் அந்தப் பைப் கப்பியில் ஏறி வந்து செங்குத்தாகத் தொங்கியது. அதன் அடிமுனையை டவர் உச்சியிலுள்ள வளையத்துக்குள் இறக்க வேண்டும். "புடி" என்றால் கோதண்டபாணி பிடிப்பார். "வுடு" என்றால் விடுவார்.

போன வருஷம் இதே டவரில், தூரத்தில் தன் மொட்டைமாடி தெரிந்த சந்தோஷத்தில், கூட வேலை பார்த்த ராஜாங்கம் அண்ணன், "அதோ பாரு, என் வூடு" என்றார். பாதியைக் காற்று தின்றுவிட்டது. கீழே இருந்தவன் காதில் "வுடு" மட்டும் விழுந்தது. விட்டான். பைப் அவரையும் இழுத்துக்கொண்டு, பக்கத்துச் சூளையில் கழித்த உடைந்த பீங்கான் கோப்பைகள் குவிந்த தரையில் போய் விழுந்தது. அதன்பிறகு டவர் ஏறுகிறவர்கள் மேலே நின்று வீட்டை 'வூடு' என்று சொல்வதில்லை. 'அங்க' என்பார்கள்.

"என்ன மாப்ள, வேடிக்கை பாக்கவா ஏறுன? மாட்டிட்டு எறங்கு."

"காத்து அடங்கட்டும் மச்சான். புடி."

சூளைப்புகையும் சுட்ட மண்ணின் வாடையும் ஏறி வந்தன. கோயில் கோபுரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பைப்பின் மேல்வாயில் நுழைந்த காற்று அதன் நீளம் முழுக்க உருண்டு வந்து, அவன் முகத்தருகே கீழ்வாயில் முனகியது. ஊ... பிறகு, உதடு குவித்ததுபோல், வூ... அங்கேயே நின்றது. மறுபடி, வூ... சொல்ல வாயெடுத்து முடிக்க முடியாமல் தவிப்பதுபோல.

காற்று நின்றது. சூளைப்புகை நேராக ஏறியது.

முனகல் நிற்கவில்லை.

இறங்கிவிடலாம். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் குனிந்து பார்த்தான். டவர் காலில்தான் மாட்டியிருந்தான். மாட்டிய சத்தத்தைக் கேட்டிருந்தான். இப்போது அது பைப்பில் கயிறு கட்டிய வளையத்தில் கிடந்தது.

இரண்டு கைகளும் பைப்பில். எடுத்தால் சாயும்.

தூரத்தில், அங்க, துர்கா மாடி விளக்கைப் போட்டாள்.

"பு..." என்றான். தொண்டையில் மண். சத்தம் வரவில்லை.

"அறிவு." பைப்புக்குள்ளிருந்து. ஈரக் களிமண் மூச்சு கன்னத்தில் பட்டது. ராஜாங்கம் அண்ணனின் குரல். "எனக்கு அங்க போவணும்ப்பா."

அவன் பல்லைக் கடித்தான். வாயைத் திறக்கவே இல்லை.

"என்ன மாப்ள, புடிக்கவா, வுடவா?"

கீழே கோதண்டபாணி ஒரு கையைக் காதருகே வைத்து அண்ணாந்து பார்த்தார்.

ஒரு வருஷமாக முடிக்க முடியாததைப் பைப் முடித்தது. சத்தமாக. அறிவழகனின் குரலில்.

"வூடு."

மச்சான் தலையாட்டினார். இரண்டு கைகளையும் விரித்தார்.